ஆறாம் வேலைநாள்

குப்பண்ணன் மாஸ்டர் ஓய்வு பெற்றுப் பதினேழு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய கோபம் மட்டும் இன்னும் பணியில்தான் இருந்தது. காலையில் நாளிதழ் வந்து விழுந்ததும் அது சிவப்பு மைப் பேனாவோடு நாற்காலியில் அமர்ந்துவிடும். ஒற்று விட்டுப்போன இடம், ஒருமை பன்மை மயங்கிய இடம் எல்லாவற்றையும் வட்டமிட்டு, அடுக்களை வாசல்வரை கொண்டுபோய் மனைவி செல்லாத்தாளிடம் காட்டுவார்.

"நீங்க பாஸ் மார்க்கு போடலைன்னாலும் நாளைக்கும் பேப்பர் வருமுங்க," என்பாள் அவள், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தத் திங்கட்கிழமை அவர் முதல் பக்கத்தைக்கூட முடிக்கவில்லை. வாசலில் ஸ்கூட்டர் நின்றது. யோகப்பிரியா வந்திருந்தாள். கள்ளிப்பதி அரசு தொடக்கப் பள்ளியில் தமிழ்ப் பிரிவின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒரு காலத்தில் அவரிடமே படித்தவள்.

"ஒன்னே ஒன்னு கொறயுதுங்க சார்," என்றாள், வணக்கம் சொல்வதற்கு முன்பே.

என்ன குறைகிறது என்று மாஸ்டர் கேட்கவில்லை. பாலக்காட்டின் கிழக்கெல்லையில் ஜூன் மாதத்தில் ஓர் ஆசிரியை வந்து குறைகிறது என்றால் அது பிள்ளைதான். கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாம் வேலைநாளில் தலை எண்ணுவார்கள். அன்றைக்கு எத்தனை பிள்ளைகளோ, அந்தக் கணக்குக்குத்தான் ஆண்டு முழுவதும் வகுப்பும் ஆசிரியர் இடமும். வேண்டிய கணக்கில் ஒரு தலை குறைந்தால் பிரிவு விழுந்துவிடும். இருக்கிற பிள்ளைகளைப் பக்கத்து அறையில் மலையாளப் பிரிவில் சேர்ப்பார்கள், அல்லது பெற்றோர் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போவார்கள். முன்பெல்லாம் தலை குறைந்தால் சொந்தக்காரர் பிள்ளைகளை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி உட்கார வைத்த தலைமையாசிரியர்கள் உண்டு. மாஸ்டர் அதை ஒருபோதும் செய்ததில்லை. அதைப் பற்றி அவருக்குப் பெருமையும் உண்டு. இப்போது அதற்கும் வழியில்லை. ஆதார் எண்ணோடு கணினியில் ஏற்ற வேண்டும்.

"என்றைக்கு எண்ணுகிறார்கள்?"

"நாளைக்குங்க சார். இன்னைக்கு அஞ்சாவது நாள். பீகார்க்காரங்க புள்ளைக நாலு வந்துச்சு, கஞ்சிக்கோட்டு கம்பெனியில வேலை செய்யறவங்க. அதுகளையும் மலையாளத்துல எடுத்துக்கிட்டாங்க. குஞ்சு முகம்மது பாய் மக ஃபஸீலா இருக்காங்கள்ல, அவங்க பொண்ணு ஒன்னாவதுக்கு ஆச்சு. இன்னும் எங்கயும் சேக்கலை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

மாஸ்டர் தலையசைத்தார். அவள் போகவில்லை.

"இன்னொன்னுங்க சார். ரெண்டு பெத்தவங்க டி.சி. குடுங்கன்னு நிக்கறாங்க. பிரிவு உளுகப் போறதுன்னா இப்பவே போயிடறோம்ங்கறாங்க. பி.டி.ஏ. தலைவர் பூபதிராஜா சாயங்காலம் எல்லாரையும் மாரியம்மன் கோயிலுக்கு வரச் சொல்லியிருக்காருங்க. நீங்க அன்னைக்குப் பண்ணுன மாதிரி ஒரு கற்பூரம் அடிச்சுச் சொன்னீங்கன்னா..."

"பார்க்கலாம்," என்றார் மாஸ்டர். குரல் தேவைக்கு மேல் கடுமையாக ஒலித்தது. வலது உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜூன் மாதம் அதே கோயிலின் முன்னால்தான் அது நடந்தது. அன்றும் பிரிவு விழ இருந்தது. வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டிய தேவையே இருந்ததில்லை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடுவார்கள்; ஒரு பெஞ்சில் ஏழு பேர் உட்கார்வார்கள். கள்ளிப்பதிக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் வீடுவீடாக ஏறிப் பிள்ளை கேட்கும் பிழைப்பு. தோட்டக்காரரிடம் கேட்டார், நெசவுக்காரரிடம் கேட்டார், கள் இறக்குகிறவரிடமும் கேட்டார். ஊர் கூடிய அன்று ஒரு பெரியவர் எழுந்து, "எங்க புள்ளைகளைக் கேக்கறீங்களே, உங்க புள்ளையை எங்க போடுவீங்க வாத்தியாரே?" என்றார். பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றி நீட்டினார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "என் மகனும் இதே பெஞ்சில் உட்கார்ந்து நான்காம் வகுப்பு முடிப்பான், அம்மன் சாட்சி," என்றார் குப்பண்ணன் மாஸ்டர்.

கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர் குஞ்சு முகம்மது. "எனக்கு இந்தக் கோயில்ல சோலி இல்லை. ஆனா மாஷ் அடிச்ச கற்பூரம் எனக்குப் போதும். எம் மவ ஃபஸீலா பேரை எழுதிக்கோங்க," என்றார். அதன் பிறகு கைகள் வரிசையாக உயர்ந்தன. பிரிவு நின்றது.

திருமணமாகிப் பதினோர் ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஒரே மகன் சிவப்பிரகாஷ். பள்ளியில் பதினேழு நாள் உட்கார்ந்தான். பதினெட்டாம் நாள் கோயமுத்தூரில் மாமன் வீட்டுக்குப் போனான். அங்கே ஆங்கிலப் பள்ளி. "பையனுக்கு இளைப்பு, இந்த ஊர்ப் புழுதி ஆகாதென்று வைத்தியர் சொல்லிவிட்டார்," என்று மாஸ்டர் ஊருக்குச் சொன்னார். அவர் வாழ்நாளில் சொன்ன பொய்களில் இலக்கணப் பிழையில்லாதது அது.

அதன் பிறகு மாரியம்மன் கோயிலுக்குள் அவர் கால் வைக்கவில்லை. ஒலிபெருக்கி காதைக் கிழிக்கிறது, கமிட்டிக்காரர்கள் வைக்கும் பதாகையில் அம்மன் பெயரையே பிழையாக எழுதுகிறார்கள் என்று காரணம் சொன்னார். செவ்வாய், வெள்ளிகளில் இரண்டு கிலோமீட்டர் நடந்து முருகன் கோயிலுக்குப் போனார். ஓய்வு பெற்ற நாளில் பள்ளிச் சுவரில் ஒரு கல் பதித்தார்கள்: 'கள்ளிப்பதியில் தமிழ்க் கல்வியைக் காத்தவர்.' எழுத்துப்பிழை வரக்கூடாதென்று அந்த வாசகத்தை அவரே திருத்திக் கொடுத்திருந்தார்.

பத்து மணிக்குக் குஞ்சு முகம்மதுவின் பலசரக்குக் கடைக்குப் போனார். நாற்பது ஆண்டுகளாக அந்த நேரத்துக்கு அங்கே ஒரு முக்காலியும் பால் விடாத ஒரு கட்டன் சாயாவும் அவருக்காகக் காத்திருக்கும்.

"மாஷே, மூஞ்சியைப் பாத்தா பேப்பர்க்காரன் இன்னைக்கும் தமிழைக் கொன்னுட்டான் போல," என்றார் குஞ்சு முகம்மது. "பொணத்தை எடுத்தாச்சா, இல்ல கெடக்கா?"

மாஸ்டர் சிரிக்கவில்லை. வந்த செய்தியைச் சொன்னார். குஞ்சு முகம்மது தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது அவ புள்ள மாஷே. என்கிட்டக் கேட்டு என்ன? ஃபஸீலா! மாஷ் வந்திருக்காரு, வா இங்க."

கழுத்தில் அளவு நாடாவோடு ஃபஸீலா வந்தாள். கடைக்குப் பின்னால் தையல் வைத்திருந்தாள். கோயமுத்தூர் ஆங்கிலப் பள்ளிகளின் சீருடைகள்தான் அவளுக்குப் பெரும்பாலும் வேலை. மாஸ்டர் மேடையில் பேசுவதுபோல் தாய்மொழிக் கல்வியிலிருந்து தொடங்கினார். அவள் முழுவதையும் நின்று கேட்டாள்.

"சார், நான் பத்தாவது வரைக்கும் தமிழ்லதான் படிச்சேன். நல்லாவே படிச்சேன். உங்க கையால பரிசு வாங்கியிருக்கேன்," என்றாள். "ப்ளஸ் ஒன்னுக்குப் போனா எல்லாம் மலையாளம், இல்லைன்னா இங்கிலீஷ். ரெண்டு வருஷம் ஊமை மாதிரி உக்காந்திருந்தேன். நர்சிங் படிக்கணும்னு இருந்தது, மார்க்கு வரலை. அது தமிழோட குத்தம்னு நான் சொல்லலை சார். எம் பக்கத்துல பதினேழு நாள் ஒருத்தன் உக்காந்திருந்தான். என் ரப்பரை வாங்கிட்டுப் போனவன் இன்னும் திருப்பித் தரலை."

"ஃபஸீலா," என்றார் குஞ்சு முகம்மது.

"இருங்க அத்தா. நான் மரியாதையாத்தானே பேசறேன்?" அவள் மாஸ்டரிடம் திரும்பினாள். "உங்க பேத்தியும் இந்த வருஷம் ஒன்னாவதுதானே சார்? நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வாங்க. எம் பொண்ணும் வருவா. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. கற்பூரம் எல்லாம் வேண்டாம்."

மாஸ்டர் சாயாவைக் குடிக்காமல் எழுந்தார். குஞ்சு முகம்மது அவரைப் பார்க்கவில்லை. சர்க்கரை மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த மூட்டை ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

மூன்று மணிக்குச் சிவப்பிரகாஷ் கஞ்சிக்கோட்டிலிருந்து காலை ஷிப்ட் முடிந்து வந்தான். அங்கே ஒரு தொழிற்சாலையில் அவன் ஷிப்ட் இன்ஜினியர். அவன் கைகால் கழுவும்வரைகூட மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. பேத்தியைப் பள்ளிக்குக் கேட்டுவிட்டார்.

மகன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்திருந்தார். கோபத்துக்கு மறுமொழி அவரிடம் எப்போதும் தயாராக இருக்கும். சிவப்பிரகாஷ் கோபப்படவில்லை.

"அப்பா, நானு இன்னைக்கு இந்த வேலையில இருக்கறன்னா அன்னைக்கு நீங்க என்னைத் தூக்கிக் கோயமுத்தூர்ல போட்டதுதான். கம்பெனியில எல்லார்த்துகிட்டயும் பெருமையாச் சொல்லுவேன், எங்கப்பா ஊரு வாய்க்குப் பயந்து என்னைக் காவு குடுக்கலைன்னு. இப்ப எம் புள்ளையை மட்டும் குடுன்னு கேக்கறீங்களே? நீங்க எனக்குப் பண்ணுனதை நானு அவளுக்குப் பண்ண வேண்டாமாப்பா?"

நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ பேர் மாஸ்டரைப் பழித்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் பத்தி பிரித்து மறுமொழி எழுதியிருக்கிறார். நன்றிக்கு எப்படி மறுமொழி எழுதுவது?

"அவனைக் கெளப்பி உட்டதுல எனக்கும் பங்கு உண்டுங்க," என்றாள் செல்லாத்தாள் உள்ளேயிருந்து. "நீங்க ஒருத்தரே எல்லாத்தையும் தூக்கிச் சொமக்க வேண்டாம். பலகாரம் ஆறுது, வாங்க."

அவர் பலகாரத்துக்குப் போகவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெருப்புழுதியை அள்ளி முகத்தில் வீசியது. இளைப்பு யாருக்கும் வரவில்லை.

கோயில் முன்னால் இருபது பேர்போல இருந்தார்கள். யோகப்பிரியா ஓரமாக நின்றாள். பூபதிராஜா தட்டில் கற்பூரக் கட்டிகளை அடுக்கித் தயாராக வைத்திருந்தார். எதிர்ச்சாரியில், கடைப்படியில் குஞ்சு முகம்மது உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார், வாங்க," என்றார் பூபதிராஜா. "பிரிவு உளுகாது, நானாச்சுன்னு நீங்க ஒரே ஒரு அடி அடிச்சாப் போதும். இவங்க டி.சி. பேச்சை உட்டுருவாங்க. மிச்சம் ஒரு புள்ளையை நாளைக்குள்ள அம்மனே அனுப்பி வெப்பா."

மாஸ்டர் தட்டைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். மேடைத் தமிழ் தானாக வந்தது. அவருக்கு வேறு தமிழ் வரவுமில்லை.

"இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னால் இதே இடத்தில் நான் சத்தியம் செய்தேன். என் மகனை இப்பள்ளியிலேயே படிக்க வைப்பேன் என்றேன். வைக்கவில்லை. அவனுக்கு இளைப்பு இருந்ததே இல்லை. ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதற்காகவே கோயமுத்தூருக்கு அனுப்பினேன். என்னை நம்பி உங்களில் பலர் பிள்ளைகளைக் கொடுத்தீர்கள். ஆகவே இந்தக் கற்பூரத்தைத் தொட எனக்குத் தகுதியில்லை."

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். வசையை எதிர்பார்த்தார், அதைத் தாங்கிக்கொள்ளக் கால்களைச் சற்று அகலமாகக்கூட ஊன்றிக்கொண்டார்.

"அதுங்களா சார்?" என்றார் பூபதிராஜா. "அது தெரியுமுங்களே."

"என்ன தெரியும்?"

"எல்லாந்தானுங்க. உங்க பையன் திங்கக்கெழமை திங்கக்கெழமை விடியால ஆறு மணி பஸ்ஸுக்கு வந்து நிப்பான். எளைப்புக்கு வைத்தியம் பாக்கப் போற புள்ளை கழுத்துல டை கட்டிட்டுப் போகுமுங்களா?"

யாரோ சிரித்தார்கள். ஒரு கிழவி, "ஷூவும் போட்டிருக்கும். என்ற பையன் அதையப் பாத்துட்டு ஒரு வாரம் அழுதான்," என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பழைய மழையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினாள்.

மாஸ்டருக்கு முகம் சிவந்தது. "தெரிந்துகொண்டேதான் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்களா? தெரிந்துகொண்டேதான் சுவரில் கல் பதித்தீர்களா?"

"நீங்க பாடம் நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க சார். அதுக்குப் போத்துனோமுங்க. கல்லுல என்ன எழுதோணும்னு உங்களையத்தான் கேட்டோம். நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க."

சான்றிதழ் கேட்ட தாய்மாரில் ஒருத்தி பொறுமை இழந்தாள். "பழைய கதை இருக்கட்டுமுங்க. பிரிவு நிக்குமா உளுகுமா? அதைச் சொல்லுங்க, எனக்கு மாடு கறக்கோணும்."

"ஒரு பிள்ளை குறைந்தால் விழும்," என்றார் மாஸ்டர். "என்னிடம் கொண்டுவரப் பிள்ளை இல்லை."

அவள் யோகப்பிரியாவைப் பார்த்துவிட்டு, "செரி, நாளைக்கு வரைக்கும் பாக்கறோம்," என்று புறப்பட்டாள். கூட்டம் பேசிக்கொண்டே கலைந்தது. கற்பூரத்தை வீணாக்குவானேன் என்று பூசாரி அதையே ஏற்றி அம்மனுக்குக் காட்டினார். வெளியே வந்து திருநீற்றுத் தட்டை நீட்டினார். மாஸ்டர் கை தயங்கியது. பூசாரி இளைஞர், அவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. "எடுத்துக்கோங்க சார், நான் நடை சாத்தணும்," என்றார். மாஸ்டர் எடுத்துக்கொண்டார்.

தெருவைக் கடந்து கடைப்படிக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். வாயைத் திறந்ததும் கோபம் முந்திக்கொண்டது.

"உமக்கும் தெரியும். இருபத்தொன்பது ஆண்டுகள் தினமும் சாயா கொடுத்தீர். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா நீங்க கடைப்பக்கம் வந்திருக்க மாட்டீங்க மாஷே."

"அதற்காக, நான் கேட்காமலேயே என்னை மன்னித்துவிடுவதா? அந்த உரிமையை உமக்கு யார் கொடுத்தது?"

குஞ்சு முகம்மது முதன்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார். "மன்னிச்சேன்னு யாரு சொன்னா? பொறுத்துக்கிட்டேன். அது வேற, இது வேற. நீங்கதான் எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்லிக் குடுக்கறவராச்சே, இதுக்கு நான் சொல்லணுமா?"

மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னை மன்னித்துவிடும்," என்றார்.

"பாக்கலாம். வயசு இருக்கு," என்றார் எழுபத்தைந்து வயதான குஞ்சு முகம்மது.

மறுநாள் ஆறாம் வேலைநாள். மாஸ்டரை யாரும் அழைக்கவில்லை. ஆயினும் ஒன்பதரை மணிக்கே பள்ளிக்குப் போய் வாயிலருகே நின்றார். தமிழ்ப் பிரிவின் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மாடு கறக்கப் போனவளின் மகளும் வந்திருந்தாள். பத்து மணிக்குச் சற்று முன்பு தெருமுனையில் ஃபஸீலா தெரிந்தாள். கையைப் பிடித்தபடி மகள், மகளின் தோளில் புதுப் பை. யோகப்பிரியா வகுப்பு வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். மாஸ்டர் வாயிலிலிருந்து விலகி வழிவிட்டார்.

ஃபஸீலா முற்றத்தைக் கடந்தாள். தமிழ்ப் பிரிவின் வாசலையும் கடந்தாள். பக்கத்து அறையின் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு மகளை உள்ளே அனுப்பினாள். அது மலையாளப் பிரிவு.

திரும்பி வரும்போது மாஸ்டரின் முன்னால் நின்றாள். "நேத்து நீங்க சொன்னதை அத்தா சொன்னாங்க சார். ராவெல்லாம் யோசிச்சேன். வேற ஊருப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத்தான் இருந்தேன். சரி, உங்க பள்ளிக்கூடத்துக்கே வரட்டும்னு கூட்டிட்டு வந்தேன். அதுக்கு மேல என்னால முடியலை. எம் பொண்ணு நாளைக்கு இந்தக் கேரளத்துல வேலைக்குப் போகணும். தமிழ் வீட்டுல நான் சொல்லித் தர்றேன். நீங்க நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தீங்க."

அவள் மேல் கோபப்பட முயன்றார், பிடி கிடைக்கவில்லை. "போய் வா," என்றார்.

நான்கு மணிக்குத் தலைமையாசிரியர் ஏசுதாஸ் கணினியை மூடினார். ஒன்று குறைந்தது, பிரிவு விழுந்தது. யோகப்பிரியா அழவில்லை. வட்டவடைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் இடம் இருக்கிறதாம், மாற்றல் கேட்டு எழுதப் போகிறேன் என்றாள். "அங்க புள்ளைங்க தானா வருமாங்க சார்?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது," என்றார் மாஸ்டர். தெரியாது என்று ஒரு மாணவியிடம் சொன்னது அவருக்கு நினைவு தெரிந்து இதுவே முதல் முறை.

காலியாகப் போகும் அறையில் மதிய உணவு அரிசி மூட்டைகளை அடுக்கலாம் என்றார் ஏசுதாஸ். அந்த அறையின் வெளிச்சுவரில்தான் கல் இருந்தது. மாஸ்டர் அதன் முன்னால் போய் நின்றார். பிழையே இல்லை, ஒவ்வோர் ஒற்றும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"இதைப் பெயர்த்து எடுத்துவிடுங்கள்," என்றார்.

"ஐயோ, அது நடக்காது சார்," என்றார் ஏசுதாஸ். "ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏறிப்போச்சு. பள்ளி சொத்து. எடுக்கணும்னா மேலாபீஸ் ஆர்டர் வேணும். நீங்க ஒரு மனு எழுதிக் கொடுங்க, அனுப்பி வெக்கறேன். காரணம் கட்டாயம் எழுதணும், இல்லைன்னா திருப்பி விடுவாங்க."

"என் பெயரை எடுக்க நான் மனு எழுத வேண்டுமா?"

"பேரு உங்களது சார். கல்லு சர்க்காரோடது."

இது என்ன நிர்வாகம், இது என்ன சட்டம் என்று தெருவெல்லாம் பொருமிக்கொண்டே மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் அமர்ந்து, முழுத்தாளை இரண்டாக மடித்து ஓரம் விட்டு, 'பொருள்' என்று எழுதி அடிக்கோடிட்டார். சிவப்பு மைப் பேனாவைத்தான் எடுத்திருக்கிறோம் என்பதை அப்போது கவனித்து, அதை மூடி வைத்துவிட்டுக் கறுப்பு மைப் பேனாவைத் தேடினார்.

பொருளும் பார்வையும் விரைவாக வந்தன. காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நெடுநேரம் நின்றது. செல்லாத்தாள் சாயா கொண்டுவந்து வைத்து, ஆறவிட்டு, எடுத்துப்போய்ச் சூடாக்கி மறுபடியும் கொண்டுவந்தாள்.

பிறகு எழுதினார்: 'அந்தக் கல்லில் எழுதப்பட்டிருப்பது உண்மையன்று.'

படித்துப் பார்த்தார். திருத்த எதுவும் இல்லை.